விழித்த முகம்

சேலம்
தாது வருஷம் ஐப்பசி 11, செவ்வாய்க்கிழமை

மகாராஜராஜஸ்ரீ பள்ளிபாளையம் மச்சான் கந்தவேல் அவர்கள் சமூகத்துக்கு, வெண்ணந்தூர் காளியண்ணன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் கண்ணைத் தவிர மற்றதெல்லாம் க்ஷேமம். தங்கள் வீட்டாரும் எருமைகளும் க்ஷேமமாக இருக்கக் கோருகிறேன். என் இரண்டு கண்ணையும் கட்டிப்போட்டிருப்பதால் இதை நான் சொல்லச் சொல்ல வார்டில் ஓர் அம்மாள் எழுதுகிறார்கள். ஆஸ்பத்திரி ஆயா நல்லம்மாள்தான் அவரைக் கூட்டிவந்து விட்டாள். பேச்சே இல்லாத அம்மாள். அந்தக் குணத்தில் கால்வாசி தங்கள் தங்கைக்கு இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் வந்திராது.

விஷயம் தங்களுக்கு ஒரு பக்கம்தான் தெரியும். போன தை மாதம் காட்டில் சோளத்தோகை ஒன்று என் வலது கண்ணைக் கீறியது. மூன்று நாளில் ஆறிவிட்டது, நானும் மறந்துவிட்டேன். மாசிக் கடைசியில் ஒருநாள் விடியக் காலம் கண்ணைத் திறந்தேன், மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டதுபோல் எரிச்சல், தண்ணீர் தாரையாக ஓடுகிறது, எதிரே தங்கள் தங்கை கந்தம்மாள் நிற்கிறாள், வெயில் ஏறியதும் எல்லாம் சரியாகிவிட்டது, இருபது நாள் கழித்து மறுபடியும் அப்படியே, மறுபடியும் கந்தம்மாளே நிற்கிறாள். என்னை எழுப்புகிறவள் அவள்தான் என்பதால் அவள் நிற்பது நியாயம். ஆனால் என் அக்காள் பெருமாயிக்கு அது தோன்றவில்லை. "நீ அவ மூஞ்சியில முழிக்கறதாலதான், சாமி, இப்படி ஆவுது" என்றாள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சும்மா பார்ப்போமே என்றுதான் மறுநாள் முதல் தொழுவத்தில் படுத்து மாட்டு முகத்தில் விழித்தேன். ஒன்பது நாள் சுகமாக இருந்தது. அதைப் போய்க் கந்தம்மாளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "மாட்டு மூஞ்சி ஆவுது, எம்மூஞ்சி ஆவலீங்களா? ஆவற மூஞ்சியாப் பாத்தே முழிச்சுக்கங்க" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்கு மறுவாரமே மாட்டு முகத்தில் விழித்தபோதும் வலித்தது, முருகன் படத்தில் விழித்தேன், கிருத்திகை அன்றைக்கே வலித்தது, கடைசியில் பெருமாயி அக்காளே எதிரில் நின்றபோதும் வலித்தது. அவளைக் கேட்டால், "நேத்து அவள நெனச்சுக்கிட்டே படுத்திருப்ப" என்கிறாள். நினைத்தது வாஸ்தவம்.

ஆஸ்பத்திரிக்கு வராமலும் இல்லை. நான்கு தடவை வந்தேன். விடியக் காலம் வலித்தால், எட்டு மணி பஸ் ஏறிச் சேலம் வந்து, சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, உள்ளே போவதற்குள் உச்சிப்பொழுது ஆகி, கண் கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடும், டாக்டர் பார்க்க ஒன்றும் இருக்காது. நாலாம் தடவை டாக்டர், "இனி வலிக்கற வரைக்கும் இங்கயே படுத்திருங்க" என்று கட்டில் கொடுத்துவிட்டார். ஆறாம் நாள் காலை கண் திறந்ததும் வலித்தது. ஓடி வந்து ஒரு மஞ்சள் சொட்டு விட்டுப் பார்த்தார், உள்ளே பச்சையாக ஒரு திட்டுத் தெரிந்ததாம். "கண்ணு மேல மெல்லிசா ஒரு தோல் இருக்கு. சோளத்தோகை கிழிச்ச எடத்துல அது அடியில சரியாப் பிடிக்கவே இல்ல. தூங்கும்போது இமையோட ஒட்டிக்கும். முழிச்சதும் பிச்சுக்கிட்டு வரும்" என்றார். அப்படியானால் யார் முகத்தில் விழித்தாலும் வலிக்குமா என்று கேட்டேன். "கண்ண மூடிட்டு முழிச்சாத்தான் வலிக்காது" என்றார்.

சனிக்கிழமை ஆபரேஷன். மரத்துப்போகச் சொட்டு விட்டு, சின்னக் கத்தியால் அந்த ஒட்டாத தோலைச் சுரண்டி எடுத்து, குச்சியில் மருந்து தொட்டு வைத்தார்கள். பொருக்கு விட்ட சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுப் புதுச் சுண்ணாம்பு அடிக்கிற வேலைதான். வலி தெரியவில்லை, ஆனால் கத்தி வருவது தெரிந்தது. புதுத் தோல் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளுமாம். நல்ல கண் அசைந்தால் இதுவும் கூடவே அசையும் என்று இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கட்டு அவிழ்க்கிறார்கள்.

ஆகையால் மச்சான், குற்றம் சோளத்தோகையினுடையது என்று டாக்டர் வாயாலேயே ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் கந்தம்மாளைச் சமாதானம் சொல்லி அனுப்பிவைக்க வேணுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்ல வேண்டாம், டாக்டர் கேட்டதாகச் சொல்லவும். தங்கள் வீட்டு அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், ஆயுசும் ஆரோக்கியமும் பெருகட்டும்.

இப்படிக்கு,
காளியண்ணன்

பின்குறிப்பு: அண்ணா, இதை எழுதியது நான்தான், கந்தம்மாள். ஆபரேஷன் என்று வெண்ணந்தூரிலிருந்து பெருமாயி அண்ணி ஆள் அனுப்பி, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்னை பஸ் ஏற்றிவிட்டீர்களே, அன்று முதல் இங்கேதான் இருக்கிறேன். நல்லம்மாள் ஊட்டுவதாக நினைத்து என் கையால்தான் கஞ்சி குடிக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னதை ஓரெழுத்து விடாமல் எழுதியிருக்கிறேன். நடுவில் என்னைப் பற்றிச் சொன்ன ஒன்றை மட்டும் எழுதவில்லை, அது எனக்கே இருக்கட்டும். கல்யாணமாகி இருபத்தொரு வருஷமாக நான் எந்த முகத்தில் விழிக்கிறேன் என்று இதுவரை ஒருவரும் விசாரித்ததில்லை. வெள்ளிக்கிழமை கட்டு அவிழ்க்கும்போது நேர் எதிரில் நிற்பேன். வலித்தாலும் நகர மாட்டேன்.