எரியாத துணி

காஞ்சிபுரத்தில் ஒருவர் சொல்வதை நம்புவார்கள். அவர் கையிலிருக்கும் துணியை நம்பமாட்டார்கள். ஓரத்தில் ஒரு நூலை உருவி, தீக்குச்சியைக் காட்டி, முகர்ந்து பார்ப்பார்கள். முடி கருகும் வாடை வந்து சாம்பல் பொடிந்தால் பட்டு. உருகி மணியாகத் திரண்டால் நைலான். காகிதம் எரிவது போலிருந்தால் பருத்தி. இதற்கு வெளியே உலகத்தில் துணி கிடையாது என்பது பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவின் முடிவு. அந்தத் தெருவுக்கு நான் நான்காவதாக ஒன்றைக் கொண்டுவந்தேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. மீதி நேரத்தில் வீட்டுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் மின்சார மோட்டார் சைக்கிள் செய்துகொண்டிருந்தேன். பழைய பைக் ஒன்றின் எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டாரும் நான்கு பேட்டரிகளும் பொருத்தியிருந்தேன். பேட்டரிகளின் கனத்தில் வண்டி நகர மறுத்தது. எனவே, டேங்க் இருந்த இடத்தில் பேட்டரிகளை மூடும் மூடியை மட்டும் மிக லேசாக, கார்பன் ஃபைபரில் செய்வது என்று முடிவெடுத்தேன். (மூடியின் எடை குறைந்தால் பேட்டரியின் எடை எப்படிக் குறையும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும் தூரத்துக்கு யாரையும் நான் விடவில்லை.)

கார்பன் ஃபைபர் சென்னையிலிருந்து சுருளாக வந்தது. கறுப்பு. பட்டு போன்ற பளபளப்பு. பாவும் ஊடையுமாக நெய்த அசல் துணி. அதை அச்சின் மேல் விரித்து, பிசின் பூசிக் காயவைத்தால் இரும்பு மாதிரி இறுகும். வேறு ஊரில் இதற்குப் பெயர் பொறியியல். எங்கள் தெருவில் இது பெயர் தெரியாத ஒரு துணிச்சுருள். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பவர்கள் மேல் ஊரே கடுப்பிலிருந்த காலம் வேறு.

பக்கத்து வீட்டு ஏகாம்பரம் இரண்டு தறி வைத்திருந்தவர். மதிலுக்கு மேலாக எட்டிப்பார்த்தார்.

"இன்னாபா அது, சுருட்டி வச்சுக்கினு இருக்கிற?"

"வண்டிக்குண்ணே."

"வண்டிக்குப் பொடவை கட்டப் போறியா?"

சுருளைக் கொட்டகைக்குள் கொண்டுபோனேன். எனக்கும் அவர்மேல் சந்தேகம். என் வடிவமைப்பை உளவு பார்த்து ஏதாவது பைக் கம்பெனிக்கு விற்றுவிடுவார் என்று உறுதியாக நம்பினேன். (அவர் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை.) அன்றே கொட்டகை ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டினேன். தெருவின் சந்தேகம் அந்த நிமிடம் ஊர்ஜிதமானது. பிசினின் நெடி பரவியபோது, பையன் உள்ளே ஏதோ கள்ளச் சாயம் போடுகிறான் என்று பேச்சு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். கோகிலா. ஒரே முறைதான் பார்த்திருந்தேன். இந்தப் பெண் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. அவள் அப்பா தேவராஜன், ஒரு புடவைக் கடைக்காக நெசவாளர்களிடம் புடவைகளைச் சோதித்து வாங்குபவர். நம்பாமலிருப்பதுதான் அவர் உத்தியோகம். சம்மதம் சொல்வதற்கு முன் வழக்கப்படி என்னைப் பற்றித் தெருவில் விசாரிக்க வந்தார். முதலில் அகப்பட்டவர் ஏகாம்பரம்.

"பையன் தங்கமானவன்தாங்க. சிகரெட்டு, தண்ணி ஒண்ணும் கெடையாது," என்று அவர் சொல்வது கொட்டகைக்குள் கேட்டது. "ஆனா ஒரு துணி வச்சுக்கினு இருக்கான். காட்ட மாட்டேங்கறான்."

தேவராஜன் கொட்டகைக்குள் வந்தார். வணக்கம் சொன்னேன். அவர் கண் என்மேல் இல்லை. மூடிக்கு வெட்டியது போக மேசையில் கிடந்த துண்டுத் துணியிலிருந்து ஓர் இழையை உருவினார். சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டி வந்தது. இழை செக்கச்செவேலென்று கனன்றது. குச்சி அணைந்ததும் மறுபடி கறுப்பானது. உருகவில்லை, பொடியவில்லை. முகர்ந்தார். இன்னொரு குச்சி கிழித்தார். அதே கதை.

"இது இன்னா நூலு, தம்பி?"

"கரிங்க."

"கரி."

"ஆமாங்க. கரியை நூலாக்கி நெய்யறாங்க."

"அடுப்புக் கரியையா?" என்றார் பின்னாலிருந்து ஏகாம்பரம்.

தேவராஜன் தீப்பெட்டியை உள்ளே வைத்தார். "மறைக்கணும்னா வேற எதுனா நல்லதா சொல்லியிருக்கலாம்."

கோகிலா கைநழுவுவது கண்ணுக்குத் தெரிந்தது. வண்டியை ஓட்டிக் காட்டினால்தான் தப்பிக்கலாம். தெருவில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, விறைப்பேறக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஓரமாக வண்டியைத் தள்ளிவந்து நிறுத்தினேன். மூடியை மாட்டியபோது கடகடவென்று ஆடியது. எங்கள் ஊரில் தறிக்கட்டை ஆடினாலும் மேசைக்கால் ஆடினாலும் ஒரு துண்டுத் துணியைச் செருகுவோம். கரன்ட் ஒயர் பிய்ந்தால்கூடத் துணிதான் சுற்றுவோம். என் கால் தானாகக் கொட்டகை மேசைக்குப் போனது. மிச்சமிருந்த கார்பன் துணியை மடித்து, பேட்டரி முனைகளின் மேல் மெத்தையாகப் பரப்பி, மூடியை அழுத்தி ஏறி உட்கார்ந்தேன்.

துணிதானே. துணியில் கரன்ட் பாயுமா?

டார்ச் செல்லின் நடுவிலிருக்கும் கறுப்புக் குச்சியும் கரிதான், அது மின்சாரத்தைக் கடத்தும் என்று பள்ளியில் படித்தது, தொடைகளுக்கு நடுவே சூடு ஏறியபோது ஞாபகம் வந்தது. நான் இன்னும் சாவியைக்கூடத் திருகவில்லை. மூடியின் விளிம்பில் புகை. பிறகு படபடவென்று பொறி. குதித்தேன். ஏகாம்பரம் கைக்கு எட்டிய கஞ்சி வாளியைத் தூக்கி வீசினார். பாதி வண்டிமேல் விழுந்தது. மீதி தேவராஜன் மேல்.

புகை அடங்கியது. கஞ்சியாலா, துணி கருகி அறுந்ததாலா என்பது இன்றும் தீராத தகராறு.

தேவராஜன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். வேட்டியில் கஞ்சி சொட்டச்சொட்ட வண்டியை ஒரு சுற்று வந்தார்.

"நெஜமாவே வண்டிக்குத்தானா?"

"ஆமாங்க."

வெயிலில் அவர் வேட்டி காய்ந்து அட்டையாக விறைத்தது. அது மடங்காமல் நடக்க முயன்றபடி, எனக்குக் கேட்கும்படியே ஏகாம்பரத்திடம் சொன்னார்: "டூப்ளிகேட் விக்கிற ஆளோன்னு பயந்துட்டேங்க. அதுக்கெல்லாம் ஒரு சாமர்த்தியம் வேணும். இந்தப் புள்ளையால முடியாது. தைரியமா பொண்ணு குடுக்கலாம்."

அந்த வண்டி கடைசிவரை ஓடவில்லை. முகூர்த்தப் புடவை எடுக்கப் போன கடையில் மாமனார் எல்லோர் முன்னிலையிலும் என்னிடம் தீப்பெட்டியை நீட்டி, "மாப்ள பாத்து சொல்லட்டும்," என்றார். அது குடும்ப வழக்கமாகிவிட்டது. நான் புடவை வாங்கினாலும் கைக்குட்டை வாங்கினாலும் கோகிலா ஓரத்தில் ஒரு நூலை உருவிக்கொண்டு அடுப்படிக்குப் போகிறாள். சென்ற மாதம் அவள் பிறந்தநாளுக்கு ஒரு கறுப்புப் புடவை வாங்கிவந்தேன். அடுப்படியில் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

"எரியுது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கட்டிக்கலாம்."