ஆனாலும் வக்கீல் எம்.எல்.ஏ. ஆன கதை

கையில் வந்த வழக்கை எதிர்த்தரப்புக்குத் தாம்பூலத்தட்டில் வைத்துக் கொடுத்த வக்கீல் உலகத்திலேயே ஒருவர்தான். அவருக்கு நான் குமாஸ்தா. தென்காசி கோர்ட்டில் அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'ஆனாலும் வக்கீல்' என்றால் கேன்டீன் பூனைகூட வழி காட்டும். எதைப் பேசினாலும் நடுவில் ஓர் 'ஆனாலும்' போட்டு, எதிராளிக்காகவும் நாலு வார்த்தை சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

இலத்தூரில் ஒருவர் வயலில் பக்கத்து வீட்டு எருமை இறங்கி நெற்பயிரை மேய்ந்துவிட்டது. வயல்காரருக்கு நாங்கள் ஆஜர். வக்கீல் வெளுத்து வாங்கினார். ஜட்ஜ் பேனாவை எடுத்த நேரம் பார்த்து, "ஆனாலும் யுவர் ஆனர், வேலி போடாதது எங்க கட்சிக்காரர் தப்புதான். எருமை என்ன, பட்டா பார்த்தா மேயும்?" என்றார்.

எதிர் வக்கீல் எழுந்து, "நான் சொல்ல ஒண்ணும் பாக்கியில்லை" என்று உட்கார்ந்துவிட்டார்.

"வக்கீல் சார், நீங்க யாருக்கு ஆஜர்?" என்றார் ஜட்ஜ்.

கோர்ட்டே சிரித்தது. வாதியும் பிரதிவாதியும் சேர்ந்து சிரித்து, சமாதானமாகி, ஒரே பைக்கில் ஊர் திரும்பினார்கள்.

தேர்தல் வந்தது. வக்கீல் இருந்த கட்சியில் இரண்டு கோஷ்டி, சீட்டுக்கு முட்டிக்கொண்டன. "அவனுக்குக் கொடுக்கிறதுக்கு அந்த ஆனாலும் வக்கீலுக்கே கொடுத்துடலாம்" என்று இரண்டு கோஷ்டியுமே சொன்னதில் சீட் இவர் மடியில் விழுந்தது.

பிரசாரத்துக்குப் போன அன்று, கோடை மழையில் குற்றாலம் ஐந்தருவி கொட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் வக்கீலுக்குத் தலைகால் புரியவில்லை. துண்டோடு நனைந்து நின்ற அத்தனை பேரையும் கும்பிட்டு ஒரு மணி நேரம் ஓட்டுக் கேட்டார். கடைசியில் நேந்திரம் சிப்ஸ் கடைக்காரர்தான் வாயைத் திறந்தார்: "அண்ணாச்சி, இவ்வளவு பேரும் மதுரைக்காரங்க. இங்கன ஓட்டு உள்ளவன் நான் ஒருத்தன்தான்."

"ஆனாலும் கேட்டுட்டோம்லா!" என்றார் வக்கீல், தலையைத் துவட்டியபடி.

மேடையில் எதிர் வேட்பாளரை, "தங்கமான மனுஷன், எங்க அம்மா முடியாம கெடந்தப்ப கார் அனுப்புனாரு" என்று புகழ்ந்தார். நான் பின்னாலிருந்து சட்டையை இழுத்ததில் பட்டன் தெறித்தது. ஜெயித்துவிட்டார். எப்படி என்று அவருக்கே தெரியாது.

பண்பொழிப் பக்கம் ஓர் ஓடைப்பாலத்தை வெள்ளம் அடித்துப் போயிருந்தது. சட்டசபையில் எழுந்தார். "பாலம் வேண்டும். ஆனாலும் அரசுக்கு நிதி நெருக்கடி இருப்பதை மறுக்க முடியாது" என்றார். "உறுப்பினரே பதிலும் சொல்லிவிட்டார், நன்றி" என்று அமைச்சர் உட்கார்ந்துகொண்டார்.

மறுவாரம் பேச்சியம்மாள் என்ற பெண் அந்த ஊரிலிருந்து ஆபீஸுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, நீங்க எங்களுக்குப் பேசுதீயளா, அவங்களுக்குப் பேசுதீயளா? பேறுகாலத்துக்கு எம்மவள கட்டில்ல வச்சு இடுப்பளவு தண்ணியில தூக்கிட்டுப் போனோம். பிள்ள ஓடைக்கரையிலயே பொறந்துட்டு."

அன்று அவர் வாயில் 'ஆனாலும்' வரவில்லை. அந்தம்மா போன பிறகு, "தப்புப் பண்ணிட்டேன் வே" என்றார் என்னிடம். டிபன் கேரியர் திறக்கப்படவே இல்லை.

அடுத்த கூட்டத்தொடரில் வரிசையை மாற்றினார். அரசின் கஷ்டத்தை முதலில் பேசினார், அமைச்சரைவிட அழகாக. ஆளுங்கட்சி மேஜையைத் தட்டு தட்டென்று தட்டியது. "ஆனாலும்" என்று நிறுத்தினார். பிறகு அந்தக் கட்டிலைப் பற்றிச் சொன்னார். தட்டிய கைகள் அப்படியே நின்றன.

பாலம் வந்தது. திறப்பு விழாவில், கத்தரிக்கோல் வருவதற்குள் அந்தக் குழந்தை ரிப்பனைப் பிடுங்கி வாயில் வைத்துச் சப்பிவிட்டது.

அடுத்த தேர்தலில் தோற்றார். ஜெயித்தவர் வீட்டுக்கே மாலையோடு போய், "நானா இருந்தாலும் ஓட்டு உங்களுக்குத்தான் போட்டிருப்பேன்" என்றார். நிஜமாகவே போட்டிருப்பார் என்றுதான் எனக்கு இன்றும் சந்தேகம்.

இப்போது பழையபடி கோர்ட். போன மாதம் பெரிய வக்கீல் ஒருவர் என்னைத் தன்னிடம் வந்துவிடச் சொன்னார். "முட்டுவலி சார், மாடிப்படி ஏற முடியலை" என்று சொல்லித் தப்பித்தேன்.

அந்தப் பெரிய வக்கீல் ஆபீஸ் தரைத்தளம். எங்களுடையதுதான் இரண்டாவது மாடி.