முதலில் காரை விட்டு இறங்கு

"அண்ணே, லாஸ் வேகாஸ்ல கல்யாண லைசன்ஸ் குடுக்குற ஆபீஸ் ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் திறந்திருக்குமாம். ஞாயித்துக்கிழமைகூட லீவு கிடையாதாம். தெரியுமா உங்களுக்கு?"

ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி ஒன்றைத் தூக்கிய மகேந்திரராசா, தூக்கியபடியே நின்றுவிட்டார். சொன்னவன் மருதமுத்து. மதுரைப் பக்கத்து ஆள். மனைவிக்கு மொன்ட்ரியாலில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தபோது கூடவே வந்தவன், இரண்டு வருடமாக மகேந்திரராசாவோடு இதே காய்கறிக் கடையில் நிற்கிறான். கை வெங்காயம் அடுக்கினால் வாய் கதை அடுக்கும்.

"இதை ஏன் தம்பி இப்ப எனக்குச் சொல்லுறாய்?"

"நம்ம வினோஜா அங்கதானே போயிருக்கு, அதான் சொன்னேன். போய் நின்னா உடனே லைசன்ஸாம். நம்ம கியூபெக் மாதிரி மூணு வாரத்துக்கு முந்தியே அறிவிப்புப் போடுற தொல்லையெல்லாம் கிடையாதாம்."

பெட்டி கீழே விழுந்தது. தக்காளிகள் வாடிக்கையாளர்களின் கால்களுக்கிடையில் உருண்டு போயின. முதலாளி பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அது வாழ்த்து இல்லை என்பது மட்டும் மகேந்திரராசாவுக்கு விளங்கியது.

வினோஜா அவருடைய ஒரே மகள். கம்பெனி மாநாட்டுக்கென்று முந்தாநாள்தான் வேகாஸுக்குப் பறந்தாள். அவரே விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, குளிராடையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, கையசைத்து அனுப்பினார். அப்போது அவருக்கு ஒரு பயமும் இருக்கவில்லை. இப்போது இருந்தது. அந்தப் பயத்துக்கு விதுர்சன் என்று பெயர்.

விதுர்சனைத்தான் கட்டுவேன் என்று வினோஜா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெடியனில் ஒரு குறையும் இல்லை. படிப்பு, வேலை, குணம், உயரம் எல்லாம் அளவாக இருந்தன. குறை அவனுடைய தகப்பனில் இருந்தது. தகப்பன் பெயர் சிவநேசம்.

எட்டு வருடத்துக்கு முன்பு மகேந்திரராசாவும் சிவநேசமும் கார்ட்டியர்வில்லில் ஒரே தெருவில் நகமும் சதையுமாக இருந்தார்கள். ஒரு பெரும் பனிப்பொழிவுக்கு மறுநாள் காலை, மகேந்திரராசா இடுப்பு முறிய முறியப் பனி வெட்டித் தன் காருக்கென்று தெருவோரத்தில் ஓர் இடம் துப்புரவாக்கினார். காரை எடுக்கப் போய்த் திரும்பினால், அந்த இடத்தில் சிவநேசத்தின் கார் நின்றது. கேட்டதற்கு, "தெரு என்ன உமக்குத் தந்த சீதனமோ?" என்றார் சிவநேசம்.

மொன்ட்ரியாலில் ஒரு பனிக்காலமாவது கழித்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட குற்றம் என்று தெரியும். மகேந்திரராசா அதன் பிறகு சிவநேசத்தோடு கதைக்கவில்லை. அது போதாதென்று வீட்டையே மொன்ட்ரியால்-நோர் பகுதிக்கு மாற்றிக்கொண்டார். அந்த ஆளின் மகனுக்குத் தன் மகளா? தலைகீழாக நின்றாலும் நடக்காது என்று சொல்லியிருந்தார்.

அன்று மாலை வீட்டுக்குள் வந்ததும் வராததுமாக மனைவியைக் கேட்டார்.

"இஞ்சாரும், வினோஜா தனியத்தானே போனவள்?"

புஷ்பராணி கத்தரிக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தனிய எண்டுதான் எனக்குச் சொன்னவள்" என்று இழுத்துவிட்டு, ஒரு பெருமூச்சும் விட்டார்.

மகேந்திரராசா மகளுக்குப் போன் எடுத்தார். அவள் எடுக்கவில்லை. 'மீட்டிங் அப்பா, பேந்து எடுக்கிறன்' என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. வேகாஸில் இரவு பன்னிரண்டு என்றால் இங்கே விடிய மூன்று. அந்த ஆபீஸ் பூட்டும் நேரம்வரை விழித்திருந்துவிட்டுத்தான் மனிதர் கண்ணயர்ந்தார்.

அடுத்த நாள் மருதமுத்து கரட் கட்டிக்கொண்டே தொடங்கினான்.

"அண்ணே, அங்க காரை விட்டு இறங்காமலே கல்யாணம் பண்ணிக்கலாமாம். ஜன்னல்ல பர்கர் வாங்குவோம்ல, அதே மாதிரி. வண்டிய நிறுத்தி கண்ணாடிய இறக்கினா, உள்ள இருக்கிறவரு ரெண்டு வார்த்தை சொல்லி முடிச்சு வச்சிருவாராம். கேட்டா பழைய பாட்டுக்காரர் வேஷத்துலகூட ஆள் வருவாராம்."

"காரிலை இருந்து கொண்டோ? அப்ப பொம்பிளையின்ரை தகப்பன் எங்கை நிக்கிறது?"

"பின் சீட்ல உக்காரலாம்ணே."

மகேந்திரராசா ஏப்ரனைக் கழற்றினார். மகள் பிறந்த நாளிலிருந்து அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். அவள் கலியாணத்தன்று பட்டு வேட்டியோடு மணவறைக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். பின் சீட் அந்த ஆசையில் இல்லை.

பல்வலி என்று பொய் சொல்லிவிட்டு நேரே கார்ட்டியர்வில்லுக்கு பஸ் ஏறினார். விதுர்சனின் கார் வீட்டுவாசலில் நின்றால் பெடியன் ஊரில் நிற்கிறான். நிம்மதியாகத் திரும்பி வந்துவிடலாம். ஆனால் வாசலில் கார் இல்லை. அவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவநேசம் வீட்டுக் கதவு திறந்தது. மகேந்திரராசா பாய்ந்து, தெருவில் நின்ற யாரோ ஒருவருடைய காருக்குப் பின்னால் குனிந்து, அதன் மேலிருந்த பனியைக் கையால் தட்டத் தொடங்கினார்.

அந்தக் காரின் சொந்தக்காரி உடனே வெளியே வந்தார். எழுபது வயது பிரெஞ்சுக்கார அம்மா. "மெர்சி, மெர்சி!" என்று மகேந்திரராசாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, தன் பனி அள்ளும் சவளையும் அவரிடமே கொடுத்துவிட்டு, உள்ளே போய் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. முழுக்காரையும் தோண்டி எடுத்தார் மகேந்திரராசா. சிவநேசம் தேத்தண்ணிக் கோப்பையோடு படியில் நின்று ஆற அமர ரசித்தார்.

"பரவாயில்லை. எட்டு வருசமாகியும் கைப்பழக்கம் போகேல்லை" என்றார்.

மகேந்திரராசா முதுகை நிமிர்த்தினார். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, "உம்மடை மகன் எங்கை?" என்று கேட்டார்.

"அவன் வேலையா அணைக்கட்டுக்குப் போயிட்டான்."

"எந்த அணைக்கட்டு?"

"தண்ணி மறிக்கிற அணைக்கட்டு. உமக்கென்ன அலுவல்?" கதவு சாத்தப்பட்டது.

விசயத்தைக் கேட்ட புஷ்பராணி கொதித்துப் போனார். "அந்த மனுசன்ரை வாசலுக்கு ஏன் போனனீங்கள்? இன்னொருக்கா அங்கை கால் வைக்கக் கூடாது. பிள்ளை காரிலை கட்டினாலும் சரி, கப்பலிலை கட்டினாலும் சரி, நீங்கள் இறங்கிப் போகக் கூடாது. எனக்கு உங்கடை மானம்தான் பெரிசு."

மனைவி ஒன்றைச் செய்யாதே என்றால் அதில் ஏதோ நல்லது இருக்கவேண்டும் என்பது மகேந்திரராசாவின் நீண்டகால நம்பிக்கை. ஆனாலும் அந்த இரவு மட்டும் பொறுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மருதமுத்து ஒரு நல்ல செய்தியோடுதான் தொடங்கினான். "அண்ணே, படத்துல காட்டுவாங்களே, பெரிய பெரிய ஹோட்டலா ஜொலிக்கிற தெரு, அதுல முக்கால்வாசி லாஸ் வேகாஸ் நகர எல்லைக்குள்ளயே இல்லையாம்!"

"அப்ப அங்கை கட்டினால் செல்லாதோ?" மகேந்திரராசாவின் முகம் மூன்று நாளில் முதல்முறையாக மலர்ந்தது.

"அட, அது செல்லும்ணே. லைசன்ஸ் குடுக்குறது நகரம் இல்ல, மாவட்டமாம்." மருதமுத்து ஒரு முட்டைக்கோசைத் திருப்பி வைத்தான். "அப்புறம் இன்னொண்ணு. வேகாஸ்லேருந்து முக்கால் மணி நேரம் கார்ல போனா பெரிய அணைக்கட்டு ஒண்ணு இருக்காம். ஹூவர் அணைன்னு பேரு."

"என்ன இருக்கு?"

"அணைக்கட்டுண்ணே."

மகேந்திரராசா உருளைக்கிழங்கு மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. வினோஜா. பின்னால் ஒரே இரைச்சல், மணிச் சத்தம், சிரிப்பு.

"அப்பா, சொறி அப்பா! இஞ்சை ஒரு இடத்திலையும் மணிக்கூடு இல்லை, நேரம் போறதே தெரியேல்லை. உங்களுக்கு ஒரு சந்தோசமான விசயம் வைச்சிருக்கிறன். வந்து நேரிலைதான் சொல்லுவன்."

"என்ன விசயம்? பிள்ளை, இப்பவே சொல்லு!"

"ஐயோ, கார் வந்திட்டுது, நான் ஏறவேணும். பாய் அப்பா!"

கார்! மகேந்திரராசா ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. அதே கோலத்தில் டாக்ஸி பிடித்து, சிவநேசம் வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தட்டினார்.

"என்ன, இண்டைக்கும் ஸ்னோ வெட்ட வந்தனீரோ?"

"சிவநேசம், பகிடியை விடும். உம்மடை மகன் சொன்ன அணைக்கட்டு எங்கை இருக்கு?"

"வடக்கிலை எண்டுதான் சொன்னவன்…"

"வேகாஸுக்குப் பக்கத்திலையும் ஒரு அணைக்கட்டு இருக்கு. என்ரை பிள்ளையும் அங்கைதான். இப்ப காரிலை ஏறிட்டாள்!"

காரில் எப்படிக் கலியாணம் நடக்கும் என்பதை மகேந்திரராசா மூச்சு வாங்க வாங்க விளக்கினார். பர்கர் ஜன்னல் வந்தபோது சிவநேசம் படியில் உட்கார்ந்துவிட்டார். மகனுக்குப் போன் எடுத்தார். தொடர்பில் இல்லை. மறுபடி எடுத்தார். தொடர்பில் இல்லை.

"எனக்கும் ஒரே மகன்" என்றார் சிவநேசம். "அவன்ரை தாய் சாகேக்கை, கலியாணத்தை வடிவாச் செய்து வையுங்கோ எண்டு ஒண்டுதான் கேட்டவ."

இருவரும் படியில் குந்தியிருந்தார்கள்.

"அண்டைக்கு நீர் வெட்டின இடத்திலை நான் காரை விட்டது பிழைதான்" என்றார் சிவநேசம்.

மகேந்திரராசாவுக்கும் நெஞ்சு இளகிவிட்டது. "நான் உம்மடை நாலு சில்லுக்கும் காத்து இறக்கினதும் பிழைதான்."

"அது நீரோ!" சிவநேசம் துள்ளி எழும்பினார். "எட்டு வருசமா நான் மேல்வீட்டுப் போர்த்துக்கீசனோடை கதைக்கிறேல்லை!"

அதைப் பேந்து பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. இப்போது பிள்ளைகளை நிறுத்தவேண்டும். மகேந்திரராசா போனை வாயருகே பிடித்து மகளுக்குக் குரல் செய்தி அனுப்பினார்.

"பிள்ளை வினோஜா, அப்பா கதைக்கிறன். பக்கத்திலை சிவநேசம் மாமாவும் நிக்கிறார். எங்கள் ரெண்டு பேருக்கும் முழுச் சம்மதம். விதுர்சனையே கட்டு. மண்டபம் பிடிக்கிறம், ஐயரைப் பிடிக்கிறம், மேளம் பிடிக்கிறம். எல்லாம் முறையாச் செய்யலாம். நீ முதல்ல காரை விட்டு இறங்கு!"

பதில் வரவில்லை. சும்மா சொல்லுகிறார்கள் என்று பிள்ளைகள் நினைத்தால்? அதற்கும் சிவநேசம் ஒரு வழி கண்டுபிடித்தார். ஊர்ச்சனம் முழுக்க இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் நிச்சயதார்த்தச் செய்தியைப் போட்டுவிட்டார்கள். இனி அதை ஆண்டவனாலும் திரும்ப எடுக்க முடியாது. சூரிச்சிலிருந்து சித்தி அழுதுகொண்டு போன் எடுத்தார். ஸ்கார்பரோவிலிருந்து பெரியப்பா, எத்தனை பேருக்கு ஹோட்டல் என்று கேட்டார். பொழுதுபடுவதற்குள் மண்டபமும் பிடித்தாயிற்று.

இரண்டு நாள் கழித்து விமான நிலையத்தில் வினோஜா தனியாக வெளியே வந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை மட்டும்தான் தொங்கியது.

"அப்பா, என்ன கார்? நான் ஏன் இறங்கவேணும்?" என்றாள். "ஒவ்வொரு நாளும் கம்பெனிக் கார்தானே எங்களை ஹோட்டலுக்குக் கொண்டுபோறது."

"அப்ப சந்தோசமான விசயம் எண்டது?"

"எனக்குப் பதவி உயர்வு கிடைச்சிருக்கு!"

மகேந்திரராசா பக்கவாட்டில் பார்த்தார். சிவநேசத்தின் பக்கத்தில் விதுர்சன் தடித்த ஜாக்கெட்டோடு நின்றான். "அங்கிள், நான் வடக்கிலை அணைக்கட்டுக்குள்ளை நிண்டனான். அங்கை சிக்னலே இல்லை. வெளியிலை வந்து போனைப் பாத்தால், எனக்குக் கலியாணமெண்டு இருநூறு பேர் வாழ்த்துச் சொல்லியிருக்கினம்."

மகேந்திரராசாவுக்கு எங்கேயாவது ஓடி ஒளியவேண்டும் போலிருந்தது. ஆனால் அதற்குள் வினோஜா அவரைக் கட்டிப்பிடித்துவிட்டாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது பிடித்தது போல இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "தாங்ஸ் அப்பா, தாங்ஸ் அப்பா" என்று விம்மினாள். இரண்டு வருடமாகத் தன் பிள்ளையை எவ்வளவு வாட்டியிருக்கிறார் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கும் அழுகை வந்தது. அடக்கப் பார்க்கவில்லை.

"எல்லாம் உங்கடை விருப்பம்" என்று புஷ்பராணி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "நான் வேண்டாமெண்டுதான் சொன்னனான்."

திங்கட்கிழமை மகேந்திரராசா ஒரு பெட்டி லட்டோடு வேலைக்குப் போனார். மருதமுத்துவின் வாயில் தன் கையாலேயே ஒன்றைத் திணித்தார்.

"என்ரை பிள்ளையின்ரை கலியாணம் உன்ரை வாயாலைதான் சரிவந்தது. வேகாஸைப் பற்றி இவ்வளவு விசயமும் எங்கை தம்பி படிச்சனீ?"

மருதமுத்து லட்டை மென்று விழுங்கினான்.

"நானா? வேகாஸ் எந்தத் திசைன்னே எனக்குத் தெரியாதுண்ணே. தினம் காலைல அண்ணிதான் போன் பண்ணி, 'இண்டைக்கு இதை அவரின்ரை காதிலை போடு தம்பி'ன்னு சொல்லுவாங்க."