நூற்றுக்கு நூறு ஷாம்பு

"தலைக்குப் போட்டா முடி பிசின் மாதிரி ஒட்டுதாம்! காரணம் சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று கத்திவிட்டுப் போனார் ஷாம்பு கம்பெனி மேனேஜர்.

கெமிஸ்டின் மேஜையில் இருபது பாட்டில்கள். பாதிக்குப் பச்சை ஸ்டிக்கர், பாதிக்குச் சிவப்பு. பச்சை நல்ல சரக்கு, சிவப்பு புகார் வந்த சரக்கு. ஸ்டிக்கருக்கு என்ன அர்த்தம் என்று இன்னொருத்தரிடம் போய்க் கேட்பதற்கா அவர் அவ்வளவு படித்தார்?

நுரை எவ்வளவு, காரம் எவ்வளவு என்று பாட்டிலுக்கு ஆறு அளவுகள் எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டார். அதற்குச் சிவப்பு எது, பச்சை எது என்று பிரிக்கத் தெரியவில்லை.

"கம்ப்யூட்டர் என்ன ஷோகேஸ் பொம்மையாய்யா? அளவைக் கூட்டு!" என்றார் மேனேஜர்.

கூட்டினார். முந்நூறு அளவுகள். அத்தனையையும் கிளறி, கைக்கு அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டு, சிவப்பையும் பச்சையையும் நூற்றுக்கு நூறு பிரித்தது கம்ப்யூட்டர். குற்றவாளி உப்பு. தொட்டியைச் சரியாகக் கழுவாவிட்டால் தங்கும் உப்பு. தொட்டி கழுவும் பிரிவுக்குச் சூப்பர்வைசர் கெமிஸ்டின் சொந்த மச்சான்.

அன்றைக்கே மச்சானுக்கு வேலை போனது. கெமிஸ்ட் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

"எங்கண்ணன் ரெண்டு பிள்ளைங்களோட நடுத்தெருவுல நிக்கிறாரு. உங்களுக்குச் சோறா? கம்ப்யூட்டரையே போடச் சொல்லுங்க!" என்றாள் மனைவி.

"நூத்துக்கு நூறும்மா! நான் என்ன பண்ணட்டும்?"

"அண்ணனுக்கு வேலை திரும்பக் கிடைக்கலேன்னா நானும் இந்த வீட்டுல இல்லை."

மறுநாள் கெமிஸ்ட் உப்பின் அளவைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதிதாக நூறு அளவுகளைச் சேர்த்தார். கம்ப்யூட்டருக்கு என்ன கஷ்டம்? மறுபடியும் நூற்றுக்கு நூறு! இந்தத் தடவை குற்றவாளி, வாசனைக்குச் சேர்க்கும் எண்ணெய். மச்சான் தப்பித்தார் என்று ஓடிப்போய் மேனேஜரிடம் சொன்ன பிறகுதான், எண்ணெய் சப்ளை செய்வது யார் என்று ஞாபகம் வந்தது.

"அப்போ என் மாமனார் கலப்படக்காரரா?"

"நான் சொல்லலை சார், கம்ப்யூட்டர் சொல்லுது!"

"நீயும் உன் கம்ப்யூட்டரும் உன் மச்சான் பின்னாடியே போங்க!"

அப்போது பேக்கிங் பிரிவு அக்கா ஓர் அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தார்.

"சார், புகார் வந்த பாட்டிலெல்லாம் இப்பத்தான் வந்துச்சு, எங்க வைக்கட்டும்? முன்னாடி நான் அனுப்பின இருபதும் ஒரே தொட்டியில பிடிச்ச நல்ல சரக்கு. பாதியில பச்சை ஸ்டிக்கர் தீர்ந்துபோச்சு, அதான் மிச்சத்துக்குச் சிவப்பை ஒட்டிட்டேன்."