பேஸ்மேக்கருக்கு எர்த் உண்டா?

மயிலாப்பூர்
12-9-1996

சிரஞ்சீவி வேம்புவுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். இவ்விடம் எல்லாம் க்ஷேமம் என்று தொடங்குவதுதான் மரியாதை. என் இதயம் மட்டும் அதற்குச் சம்மதிக்க மறுக்கிறது.

நெஞ்சுக்குள் வைத்த பேஸ்மேக்கர் ஒழுங்காகத்தான் உழைக்கிறது. ஆனால் இதயத்தின் மேலறை துடிக்காமல் நடுங்குகிறதாம். அங்கே ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதமாம். அதனால் இத்தனை நாள் மாத்திரை கொடுத்துவிட்டு, இப்போது மார்பில் மின்சார ஷாக் கொடுத்துத் துடிப்பைச் சரிசெய்வதாக டாக்டர் கிரீஷ் சொன்னார். மின்சாரம் என்றதும் மின்வாரியத்தில் இஞ்சினியராக இருந்த தம்பியைக் கேட்காமல் எப்படி இருப்பேன்? நீ ஃபோனில் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய் ரப்பர் செருப்போடு கட்டிலில் ஏறிப் படுத்தேன். ஏஞ்சல் என்கிற நர்ஸ் ஓடிவந்தாள்.

"இன்னா பாட்டிம்மா, செருப்போட படுத்துக்கினு கீறீங்கோ?"

"ஷாக் அடிக்காம இருக்கத்தான்."

"ஷாக் குடுக்கத்தானே வரச் சொல்லிக்கீறாங்கோ!"

சரி, அவளிடம் என்ன பேச்சு என்று டாக்டரிடமே, பேஸ்மேக்கருக்கு எர்த் உண்டா என்று கேட்டேன். அவர் பொறுமைசாலி. "மாமி, ஒரு தகடு மார்ல, ஒண்ணு முதுகுல. பேஸ்மேக்கர் கிட்டயே கொண்டுபோக மாட்டோம். முன்னாடியும் பின்னாடியும் அதை டெஸ்ட் பண்ணிடுவோம்" என்றார்.

"இருக்கட்டும். மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் எந்த ரிப்பேரும் பண்ணணும்னு என் தம்பி சொல்லியிருக்கான்."

"மெயினே உங்க ஹார்ட்தான் மாமி!"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. "பாத்தேளா, உங்க ஆத்து கரண்டே நிக்கல, அதை என் நெஞ்சுல விடறேங்கறேளே" என்றேன். மிஷினில் பேட்டரி இருக்கிறதாம். பேட்டரி டார்ச் லைட்டில்கூட இருக்கிறது! கான்வென்ட்டில் மதர் கற்றுக்கொடுத்தபடி முதுகை நிமிர்த்திக்கொண்டு வெளியே நடந்தேன். வாசல்வரை வந்த ஏஞ்சல், "பக்கவாதம் வந்தா பேச்சு பூடும் பாட்டிம்மா. அப்பால யாரை இப்டிக் கேள்வி கேப்பீங்கோ?" என்றாள். திமிர்.

ஆகவே, நீ நங்கநல்லூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்து, அந்த ஆழ்வார்பேட்டை ஆஸ்பத்திரி ஒயரிங்கைப் பார்த்து, பத்திரம் என்று உன் வாயால் சொல்கிறவரை நான் சம்மதிக்கப் போவதில்லை. உன் அத்திம்பேர் இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். அதாவது, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லியிருப்பார்.

சுப்புலக்ஷ்மிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். தீர்க்காயுசாக இருங்கள்.

உன் அக்கா,
அபயாம்பாள்

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பேச்சு போய்விடும் என்று அந்தப் பெண் சொன்னது என்னை விடவில்லை. இன்று காலை நானே ஆட்டோ பிடித்துப் போய்ப் படுத்துவிட்டேன், செருப்பில்லாமல். ஒரு ஊசி போட்டார்கள், தூங்கினேன், எழுந்தேன். இதயம் ஒழுங்காக நடக்கிறது. பேஸ்மேக்கருக்கு ஒரு குறையும் இல்லை. பேச்சையும் உடனே சோதித்தேன். ஏஞ்சல் வந்துதான் டாக்டரை மீட்டுக்கொண்டு போனாள். ஒயரிங் பார்க்க நீ வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சும்மா வா. உன்னிடம் நிறையப் பேச வேண்டும்.