நாற்பத்தாறு ‘கெட்’டும் பதினெட்டு வாயும்

பீர்மேடு,
சனிக்கிழமை.

மதிப்புக்குரிய சூசையப்பன் மாமா அவர்களுக்கு, உங்கள் தங்கை மதலேனம்மாளின் மகன் ஜினோ எழுதிக்கொள்வது. பள்ளிவாசல் எஸ்டேட்டில் மகள் சிஞ்சு வீட்டில் நீங்களும் அத்தையும் நல்ல சுகத்தோடு இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நாங்களும் அவ்வண்ணமே என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் அது பொய். அம்மா இரண்டு நாளாக யாரிடமும் பேசவில்லை. அக்கா இன்பமேரி எல்லாரிடமும் பேசுகிறாள், என்னிடம் மட்டும் இல்லை. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால், “ஆண்டவர் பாத்துக்குவாரு மருமகனே” என்று நீங்கள் வைத்துவிடுவீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி எழுத்து அங்கேயேதான் இருக்கும்.

நேராக வருகிறேன். வியாழக்கிழமை என் அக்காவின் இன்டர்வியூவைப் பாழாக்கியது நீங்கள்தான். அன்று சாயங்காலமே பள்ளிவாசல் பஸ்ஸைப் பிடித்ததிலிருந்து உங்களுக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன். அம்மா வருகிற மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த அன்றே தோட்டத்து லைன் வீட்டின் சாவியையும் கம்பெனியில் கொடுத்துவிட வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் குடியிருந்த வீடு, சுவரில் அடித்த ஆணிகூட நமக்குச் சொந்தமில்லை. நான் டிப்ளமோ முடித்துவிட்டு ஊர் ஊராக இன்வெர்ட்டர் மாட்டித் திரிகிறேன், ஒரு மாதம் வேலை, இரண்டு மாதம் வானத்தைப் பார்ப்பது. ஆகவே இங்கிலாந்தில் அந்த முதியோர் இல்லத்து நர்ஸ் வேலை இன்பமேரிக்குக் கிடைத்தால் மார்ச்சுக்குப் பிறகு நாங்கள் தங்க ஒரு கூரை இருக்கும், கிடைக்காவிட்டால் இருக்காது. அவ்வளவுதான் கணக்கு.

வேலை அவளுக்கு அத்துப்படி. ஒரே தடை இங்கிலீஷ். அதிலும் ‘கெட்’ என்ற அந்தச் சின்ன வினைச்சொல். நமக்குக் கோபம் வரும், பசி எடுக்கும், காய்ச்சல் அடிக்கும், கல்யாணம் நடக்கும், அனுமதி கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்பேனர். வெள்ளைக்காரன் சோம்பேறி, எல்லா நட்டுக்கும் ஒரே ஸ்க்ரூ ஸ்பேனரைப் போட்டுத் திருகுகிறான். நான் அதை ஒரு அட்டையில் மூன்று கட்டமாக வரைந்து அவள் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். கெட்டோடு பெயரடை வந்தால் ஆளின் நிலை மாறுகிறது: கெட் ஆங்ரி, கெட் டயர்டு. பெயர்ச்சொல் வந்தால் ஒரு பொருள் கைக்கு வருகிறது: கெட் எ ஜாப், கெட் பெர்மிஷன். இடம் வந்தால் ஆள் அங்கே போய்ச் சேருகிறான்: கெட் ஹோம். ஒரே ஸ்விட்ச், மூன்று கனெக்‌ஷன். இதில் புரிய என்ன இருக்கிறது? அவள் இரண்டாவது கட்டத்திலேயே தூங்கிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் வந்தீர்கள். “ஏலே, படிக்கிற பிள்ளைக்குச் சுவத்துல போஸ்டர் ஒட்டுனா ஏறுமா? பிரார்த்தனை மாலையை எவனாவது அட்டையப் பாத்தா சொல்லுதான்? வாயிலல்லா இருக்கு!” என்றீர்கள். கோயில் உபதேசியாரான நீங்கள் வாய் திறந்தால் லைனில் யார் மறுப்பது? மறுநாளே நாற்பத்தாறு கெட்களைத் தொகுத்துவிட்டீர்கள். குடும்ப செபம் முடிந்ததும் முழங்காலில் இருந்தபடியே அடுத்தது கெட் மாலை. நீங்கள் ராகமாக “கெட் ஆங்ரி” என்பீர்கள். எல்லாரும் சேர்ந்து “கோபப்படுதல்”. “கெட் வெட்.” “நனைந்துபோதல்.” பத்துக்கு ஒருமுறை, மாதா பிரார்த்தனையில் வருவதுபோல, “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.” நனைந்துபோதல் எதற்காக நமக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். “பழக்கத்துல வாரதுலே, விடு” என்றீர்கள். “கெட் மேரிட்” வரும்போதெல்லாம் அம்மா மட்டும் இரண்டு தடவை “கல்யாணம் முடித்தல்” சொல்லி இன்பமேரியைப் பார்ப்பார். ஒரு நாள் பங்குச்சாமி வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்து வாசலில் கால் வைத்த நொடியில் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு “கெட் லாஸ்ட்” என்று இழுத்தீர்கள். அவர் “அப்புறம் வாரேன்” என்று போனவர்தான், இன்னும் மந்திரிப்பு நடக்கவில்லை.

ஒரு மாதத்தில் மொத்த லைனுக்கும் பாடமாகிவிட்டது. ஜீப் ஓட்டும் செல்லத்துரை அண்ணன் வளைவில் ஹார்ன் அடிப்பதற்குப் பதில் “கெட் ரெடி” என்கிறார், பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் “ஆயத்தமாதல்” என்கிறார்கள். எல்லாருக்கும் வந்துவிட்டது, வரவேண்டியவளுக்கு வந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமைக்கு வருவோம். நெட் ஒழுங்காகக் கிடைப்பது கோயில் ஹாலில்தான். நான் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே போய் லேப்டாப், பேட்டரி, லைட் எல்லாம் சரிபார்த்து வைத்தேன். மூன்று மணிக்கு நீங்கள் பதினேழு பேரைக் கூட்டிக்கொண்டு வராந்தாவில் வந்து நிற்கிறீர்கள். கேட்டால், “பிள்ளைக்காகச் செபிக்க வந்திருக்கோம், மூச்சு விடமாட்டோம்” என்கிறீர்கள். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, வெறும் கம்பி. அந்த இடத்திலேயே உங்களைத் திருப்பி அனுப்பாதது என் தப்பு. இந்தக் கடிதத்தில் நான் ஒத்துக்கொள்ளும் ஒரே தப்பு.

திரையில் தலை நரைத்த ஒரு வெள்ளைக்கார அம்மாள். முதல் கேள்விகள் சுமுகமாகப் போயின. பிறகு, வயதானவர் ஒருவர் ‘கெட்ஸ் ஆங்ரி’ என்றால் நீ என்ன செய்வாய் என்று கேட்டார். வராந்தாவிலிருந்து பதினெட்டு வாயும் ஒன்றாக, “கோபப்படுதல்!”

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார், அவர் வீட்டுக்குள் யாரோ புகுந்துவிட்டதுபோல. இன்பமேரி, முதலில் சீனியர் நர்ஸிடம் ‘கெட் பெர்மிஷன்’ என்று ஆரம்பித்தாள். “அனுமதி பெறுதல்!” நான் ஜன்னல் பக்கம் கையை ஆட்டினேன். பக்கத்து வீட்டுச் சிறுமி லிஜி எனக்கு டாட்டா காட்டினாள். வெள்ளைக்கார அம்மாள் குளிப்பாட்டுவது, ‘கெட் டிரெஸ்டு’ என்று ஏதோ கேட்டார். அது உங்கள் நாற்பத்தாறில் இல்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்போது செல்லத்துரை அண்ணன் தனியாக, தைரியமாக, “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று தொடங்கினார். எல்லாரும் நிம்மதியாகச் சேர்ந்துகொண்டார்கள்.

நான் வெளியே ஓடினேன்.

“மாமா, மூச்சு விடமாட்டோம்னீங்களே?”

“நாங்க எங்கலே பேசுனோம்? பதில்தானே சொன்னோம்?”

“உங்களையா கேட்டாங்க?”

“கேட்டா சொல்லாம இருக்க முடியுமா? மரியாத இல்லல்லா.”

அம்மா நடுவில் வந்து, “சும்மா கெடலே, எம்பிள்ள தப்பில்லாமல்லா சொல்லுதா!” என்று கண்ணைத் துடைத்தார். உங்களையெல்லாம் கிணற்றடி வரை தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் திரை கறுப்பாக இருக்கிறது. இன்பமேரி ஹெட்செட் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். “முடிஞ்சுருச்சு” என்றாள். என்ன ஆச்சு என்று கேட்டேன். “நீயும் அங்கதானே போயிட்ட” என்றாள்.

மாமா, நீங்கள் இப்போது ‘டேக்’ மாலை தயாரிப்பதாகச் சிஞ்சு சொன்னாள். டேக் ரெஸ்ட், டேக் மெடிசின் என்று அறுபது சேர்ந்துவிட்டதாமே. தயவுசெய்து முதல் சொல்லை நீங்கள் கடைப்பிடியுங்கள். இனி இந்த வீட்டுப் பிள்ளைகள் எந்த லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாலும் நீங்களும் உங்கள் கூட்டமும் ஒரு கிலோமீட்டர் தள்ளி, காற்று எதிர்ப்பக்கம் வீசும் இடத்தில் செபிக்க வேண்டும். இது கோரிக்கை இல்லை, நிபந்தனை.

அத்தைக்கு என் முழு வணக்கம். சிஞ்சுவுக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு. உங்களுக்குப் பாதி வணக்கம், மீதியை மார்ச் மாதம் வீடு இருந்தால் தருகிறேன். மாதா எல்லாரையும் காக்கட்டும், குறிப்பாக உங்களிடமிருந்து எங்களை.

இப்படிக்கு,
மருமகன் ஜினோ

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது இன்பமேரி போனை மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். வேலை கிடைத்துவிட்டது. ஜனவரியில் போகிறாள். நான் வெளியே உங்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, அவர்கள் யார் என்று அந்த அம்மாள் கேட்டாராம். “மை பீப்பிள். இஃப் ஐ கெட் ஸ்டக், தே புஷ்” என்றாளாம் இவள். என் ஆட்கள், நான் சிக்கிக்கொண்டால் தள்ளிவிடுவார்கள் என்று. அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாராம். அந்த ‘கெட் ஸ்டக்’ உங்கள் நாற்பத்தாறிலும் இல்லை, என் அட்டையிலும் இல்லை. எங்கே பிடித்தாள் என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள். அதே இல்லத்தில் எலக்ட்ரீஷியன் வேலையும் காலியாம், என் பெயரைக் கொடுத்துவிட்டாள். இந்தப் புதன் இல்லை, அடுத்த புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு இன்டர்வியூ. செவ்வாய்க்கிழமையே பஸ் ஏறிவிடுங்கள். பதினேழு பேரும் வேண்டும். செல்லத்துரை அண்ணனை ஜன்னலுக்கு மிக அருகில் நிறுத்துங்கள்.