தோஹா விமானத்துக்குச் சக்கரம் வரவில்லை

அன்புள்ள மருமகப்பிள்ளை ஆரிப் அவர்களுக்கு,

மேலப்பாளையத்திலிருந்து உங்கள் மாமா அசன் முகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நிறைமாதமாக இருக்கும் என் மகள் அர்வாவும் நீங்களும் தோஹாவில் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம். இங்கே நான் சுகம். உங்கள் மாமி ஜன்னத்துல் பிர்தௌஸ்தான் சுகமில்லை. அவளுக்கு விமானம் என்றாலே நடுக்கம். ஆகவே, பதினெட்டாம் தேதிக்கு எங்களுக்காக நீங்கள் எடுத்த இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பேறுகாலத்துக்குப் பெத்தவ பக்கத்துல இல்லாம எப்படின்னு கேப்பீங்க. நியாயம்தான். அதுக்குத்தான நீங்களும் விமானம் ஓட்டுற கம்ப்யூட்டர் விளையாட்டை அனுப்பி, மாமிக்கு ஓட்டிக் காட்டுங்க, பயம் தெளியும்னீங்க. முப்பத்தொரு வருசம் மாஞ்சோலை மலைக்குக் கவர்மெண்டு பஸ் ஓட்டினவன், வண்டியில ஒரு கீறல் விழுந்ததில்ல, நமக்கு இதெல்லாம் ஒரு வேலையான்னு உக்காந்தேன். பாத்தா, ஊருல உள்ள விமானமெல்லாம் அதுல கிடக்கு, நாங்க ஏறப்போற விமானம் மட்டும் இல்ல! வேற வண்டியில பழகினா இந்த வண்டிப் பயம் போகுமா? விசாரிச்சா, அதைத் தனியா இணையத்துல தேடி எறக்கி, நாமளே உள்ள சேக்கணுமாம். தேடினேன். ஒரு பக்கத்துல 'பதிவிறக்கு'ன்னு அஞ்சு பொத்தான். இருக்கிறதுல பெருசை அமுக்கினேன். அது விமானமில்ல, கல்யாணத் தகவல் மையம். அன்னையிலருந்து தினம் எனக்குப் பொண்ணு போட்டோ வருது. மாமி நாலு நாளா எனக்குச் சாயா போடல.

பெறவு, எவனோ ஒரு புண்ணியவான் சும்மாவே செஞ்சு வச்சிருந்த விமானம் கிடைச்சுது. ஜிப் ஃபைல்னு மூட்டை கட்டி வந்துது. மூட்டையோட தூக்கி ஃபோல்டர்ல போட்டுட்டு மத்தியான லுஹர் தொழுகையிலருந்து சாயங்கால அஸர் வரைக்கும் காத்துக் கிடந்தேன், வருமா? பிரிச்சுப் போடணுமாம். பிரிச்சேன். ரெண்டாயிரம் உருப்படி திரை முழுக்கக் கொட்டிச்சு, டெப்போவுல எஞ்சினைக் கழட்டிப் போட்ட மாதிரி. வேண்டாததுன்னு தோணினதை அழிச்சுட்டு மிச்சத்தை அள்ளி உள்ள தள்ளினேன். விமானம் வந்துது, சக்கரம் வரல! ஓடுபாதையில வயித்தை வச்சுப் படுத்துக் கிடக்கு. நான் அழிச்சதுலதான் சக்கரம் இருந்திருக்கு. திரும்ப எறக்கினேன், சக்கரம் வந்துது, சத்தம் போயிட்டு. "எவ்வளவு அமைதியான பிளேனு"ங்கா மாமி. எஞ்சின் ஓடுதா நின்னுட்டான்னு தெரியாம மனுசன் எப்படி ஓட்டுவான், நீங்களே சொல்லுங்க.

ஒருவழியா திருவனந்தபுரத்துல எடுத்தேன். கீழ கடல் தெரிஞ்சுது. "ஏங்க, உங்க கை நடுங்குதே"ன்னா மாமி. மௌஸ்ல கரண்டு அடிக்கின்னு சொன்னேன். நாலு மணி நேரப் பயணமாச்சே, பிரயாணிக்குத் தொழுகையில சலுகை உண்டேன்னு, அன்னைக்கு லுஹர் நாலு ரக்அத்தைச் சுருக்கி ரெண்டாத் தொழுதுட்டேன். பக்கத்து வீட்டு மதார் ஜன்னல் வழியாப் பாத்துட்டு, "ஏன்வே, உம்ம நாற்காலி மேலப்பாளையத்துலதானவே கிடக்கு?"ன்னு கேட்டு, தெரு முழுக்கச் சொல்லிச் சிரிக்குதாரு. தொழுதுட்டு வந்து பாத்தா விமானம் கடலுக்குள்ள! அதோட பதினாலு தடவை விழுந்தாச்சு. பதினாலையும் மாமி பக்கத்துல உக்காந்து பாத்திருக்கா. இதுக்கப்புறமும் அவ ஏறுவாளா? பாவம், வாயைத் தொறந்து சொல்லமாட்டேங்கா. நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கு.

எனவே டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, தோஹாவுக்குத் தரைவழியாக பஸ் ஏதும் உண்டா என்று விசாரிக்கவும். என் மகளுக்கு அல்லாஹ் சுகப்பிரசவத்தைத் தருவானாக. வாப்பா அவளையே நினைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
அசன் முகம்மது,
ஓட்டுநர் (ஓய்வு)

பி.கு.: மருமகனே, இது மாமி எழுதுதேன். கடுதாசியப் படம் பிடிச்சு உங்களுக்கு அனுப்பச் சொல்லித் தந்துட்டு அவிய பள்ளிவாசலுக்குப் போயிருக்காவ. எனக்கு ஒரு நடுக்கமும் இல்ல. மத்தியானம் அவிய கண்ணசருற நேரத்துல நானே அந்த விமானத்தை மூணு தடவை பத்திரமா தோஹாவுல எறக்கிட்டேன். டிக்கெட்டுல கை வைக்காதீங்க. இதை அவியகிட்ட சொல்லிராதீங்க. 'மாமி ரொம்பப் பயப்படுதாவ, நீங்க கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க மாமா'ன்னு மட்டும் போன்ல ஒரு வார்த்தை சொல்லுங்க. வந்துருவாவ.